ட்ரிப் ஆகாத பாயிண்ட்

மேட்டுப்பாளையம், புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் அவசரமாகச் சொன்னதை முதலில் எழுதிவிடுகிறேன்: பியர் காய்ச்சுகிற அந்த மெஷினைக் கீழே காவில், அதாவது நிலவறையில், இருக்கிற பிளக் பாயிண்டில் இனி ஒரு தடவைகூடச் செருகாதே. மிச்சத்தைப் பொறுமையாகப் படி. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியையும் படிக்கச் சொல். உன்னோடு சேர்ந்து அவளும்தானே அந்தப் பாத்திரத்தில் கை வைக்கிறாள்.

சமையலறையில் போட்டால் போர்டில் டிஃபெரான்சியேல் விழுகிறது, காவில் போட்டால் நன்றாக ஓடுகிறது, ஆகவே கோளாறு சமையலறை பாயிண்டில்தான் என்று நீ சொன்னாய். யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சமையலறை பாயிண்டில் இரண்டு ஓட்டைக்கு மேலே ஒரு உலோகக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிரான்ஸ் பாயிண்டில் அதுதான் எர்த். காவில் இருப்பது பழைய காலத்து பாயிண்ட், வெறும் இரண்டு ஓட்டை. உன் மெஷினின் பிளக் அதிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது, கரண்டும் வருகிறது, எர்த் மட்டும் இல்லை.

லீக்கேஜ் மெஷினில் இருக்கிறது. நீ எங்கே செருகினாலும் அது கூடவேதான் வருகிறது. சமையலறையில் லீக் ஆகிற கரண்ட் பாடிக்கு வந்து, எர்த் ஒயர் வழியாக இறங்கிப் போய்விடுகிறது. டிஃபெரான்சியேலுக்கு, நம் ஊரில் ஆர்.சி.சி.பி. என்கிறோமே அதற்கு, ஒரே ஒரு வேலைதான். பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்க்கும். வித்தியாசம் 15-க்கும் 30 மில்லிஆம்பியருக்கும் இடையே எங்கோ தொட்டதும் கண் இமைக்கிற நேரத்தில் விழுந்துவிடும். காவில் அந்த லீக் கரண்டுக்கு இறங்க வழியில்லை. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமம். டிஃபெரான்சியேல் சும்மா இருக்கும், மெஷின் ஓடும், அந்த எவர்சில்வர் பாடி முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று யாராவது தொட்டால், வழி அவர்கள் உடம்புதான்.

நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: மூடியைத் தூக்கும்போது விரலில் சுர்ரென்று இருந்தது, குளிர்காலம் அல்லவா, ஸ்வெட்டரில் வருகிற மாதிரி என்று நினைத்தேன் என்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஸ்வெட்டரில் வருவது ஒரு தடவை சொடுக்கிவிட்டுப் போய்விடும். தொட்டுக்கொண்டே இருக்கும்போது சுர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தால் அது லைன் கரண்ட். இந்த மாதிரி போர்டு வைத்த மெஷின்களில் உள்ளே ஒரு ஃபில்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அதனாலேயே பாடியில் பாதி வோல்ட் தெரியும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும், மெஷின் நன்றாக இருந்தாலும்கூட. ஆகவே சுர் என்பதை மட்டும் வைத்து ஹீட்டர் காயில் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சமையலறையில் ட்ரிப் ஆகிறதே, அதுதான் சாட்சி. ஃபில்டர் மட்டும் அவ்வளவு லீக் பண்ணாது.

இந்த மில்லிஆம்பியர் கணக்கை நீ ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சீல் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். தாமாக முன்வந்த ஆட்களின் கையில் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது என்று அளந்தவர். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்கு 10.5. வெறும் ஷாக் இல்லை அது. சதை இறுகி, விரல் திறக்காது. அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அமெரிக்க வீடுகளுக்கான லீக்கேஜ் கட்டரை அவர் கண்டுபிடித்தார். அங்கே அது 5 மில்லிஆம்பியர் அளவிலேயே விழும். ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மையர் என்ற இன்னொருவர் தன் உடம்பிலேயே கரண்டைப் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். இவர்கள் பட்ட பாட்டில்தான் உன் போர்டில் அந்தச் சின்ன டப்பா உட்கார்ந்திருக்கிறது. உன் மெஷின் 2400 வாட். 230 வோல்ட்டில் 10.4 ஆம்பியர் இழுக்கும், அதாவது 10,400 மில்லிஆம்பியர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினாலே உன் வீட்டுக்காரியின் விரல் திறக்காமல் போகலாம்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. காவுக்குப் போகிற அந்தப் பழைய லைன், 30 மில்லிஆம்பியர் டிஃபெரான்சியேல் வழியாகப் போகிறதா? உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் டிஸ்ஜோன்க்தர், அதாவது பிரேக்கர், ஒன்று இருக்கும். அதிலும் லீக்கேஜ் பாதுகாப்பு உண்டு, ஆனால் 500 மில்லிஆம்பியர். அது வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆளைக் காப்பாற்றாது. காவ் லைன் நேராக அதிலிருந்து இழுத்திருந்தால் உனக்குப் பாதுகாப்பு என்று ஒன்றுமே இல்லை. போர்டில் 30 என்று எழுதியிருக்கிற ஒவ்வொன்றிலும் டி என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தி விழவைத்துவிட்டுக் கீழே போய் லைட் எரிகிறதா, பாயிண்டில் கரண்ட் வருகிறதா என்று பார். அங்கே இன்னும் கரண்ட் இருந்தால் நான் பயப்படுவது நிஜம். அந்த பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்துவதைப் பழக்கமாக்கிக்கொள். வருடக் கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

உன் சிநேகிதர் ஒருவர், பிளக்கில் எர்த்தை மட்டும் கழற்றிவிட்டால் சமையலறையிலும் ஓடும் என்று யோசனை சொன்னாராம். ஓடும்தான். எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலும் இந்த யோசனை சொல்லாத ஆள் கிடையாது. "எர்த்தைத் தூக்கிவிட்டுடு அக்கா, ப்ரொடக்‌ஷன் நிக்குது" என்று சூப்பர்வைசர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் நான் செய்து கொடுத்ததில்லை. வேலை போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்திருக்கிறேன். உன் விஷயத்தில் கேட்கவே வேண்டாம்.

சரி, லீக்கேஜ் எங்கிருந்து வந்தது? நான் பியர் மெஷினை நேரில் பார்த்ததில்லை. ஆனால் நீ அனுப்பிய வீடியோவில் அடிமூடியைக் கழற்றிக் காட்டினாயே, பார்த்ததும் பழகின ஆளைப் பார்த்தது போல இருந்தது. ஓட்டல்காரர்கள் கொண்டு வருகிற டீ பாய்லர்தான், கூட ஒரு பம்பும் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும். காயில் தண்ணீருக்குள் இல்லாமல் அடித் தட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த காயிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். நடுவில் நிக்ரோம் கம்பி, வெளியே உலோகக் குழாய், இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு பவுடர். வெள்ளையாக, விபூதி மாதிரி நைசாக இருக்கும். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. அதற்கு ஒரே பலவீனம் ஈரம். காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். குழாயின் இரண்டு முனையிலும் சீல் வைத்திருப்பார்கள். அந்த சீல் கொஞ்சம் விட்டாலும் ஈரம் உள்ளே நடந்துபோய்விடும். நீ என்ன செய்தாய்? போன சீசன் முடிந்ததும் ஹோஸ் வைத்துக் கழுவி, கவிழ்த்து, மாதக் கணக்கில் காவிலேயே வைத்தாய். காவ் என்றால் ஒயினுக்கு நல்லது, ஹீட்டருக்கு ஆகாது. சின்ன காயில் போட்டால் ஓடுகிறது, பெரிய காயில் சுவிட்சைத் தட்டினதும் விழுகிறது என்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் ஈரம் ஏறியிருப்பது பெரிய காயிலில். செருகினதுமே, சுவிட்ச் போடாமலே விழுந்திருந்தால் ஒயரிலோ ஃபில்டரிலோ தேடச் சொல்லியிருப்பேன். பம்ப் போடும்போது மட்டும் விழுந்திருந்தால் பம்ப். எந்த நேரத்தில் விழுகிறது என்று நீ கவனித்துச் சொன்னதுதான் எனக்குப் பாதி வேலையைக் குறைத்தது.

ஈரமான ஹீட்டரைப் பற்றி எங்களுக்கு ஃபெஞ்சல் புயல் சொல்லிக்கொடுத்ததுபோல யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி அது கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிரக் டெர்மினல் பக்கம் தண்ணீர் வடிந்து, மின்துறைக்காரர்கள் லைனைப் போட்ட பிறகு, என் பட்டறைக்கு வந்ததெல்லாம் நனைந்த மோட்டாரும் ஹீட்டரும்தான். ஒரு டீக்கடை பாய்லர் காயிலை, இன்சுலேஷன் பார்க்கிற மெக்கரில் வைத்துச் சுற்றினேன். முள் எழுந்திருக்கவே இல்லை, சைபரை ஒட்டியே கிடந்தது. கடைக்காரர் பக்கத்தில் நின்று, புதுசு வாங்கக் காசில்லையே என்று கையைப் பிசைகிறார். காயிலைக் கழற்றித் துடைத்து, வார்னிஷ் போட்ட மோட்டாரைக் காய வைக்கிற அடுப்பில் 120 டிகிரியில் ராத்திரி முழுவதும் விட்டேன். காலையில் எடுத்து ஆறவைத்துச் சுற்றினால் முள் 100 மெகாவைத் தாண்டிப் போய் நின்றது. ஈரம் மறுபடி ஏறுவதற்குள் இரண்டு முனையிலும் சிலிக்கான் சீல் வைத்துக் கொடுத்தனுப்பினேன். இன்றைக்கும் அந்த பாய்லரில்தான் டீ போடுகிறார்.

ஆகவே உன் காயில் போய்விட்டது என்று மனதை விட்டுவிடாதே. ஆனால் கை வைக்கும் முன்பு பில்லை எடுத்துத் தேதியைப் பார். அங்கே புதிதாக வாங்கின சாமானுக்குக் கடைக்காரர் 2 வருடம் சட்டப்படி பொறுப்பு. அதற்குள் இருந்தால் இனிமேல் அடிமூடியைத் திறக்காதே, அப்படியே திருப்பிக் கொடு. கெடு தாண்டியிருந்தால் மட்டும் மேலே படி.

பிளக்கை உருவு. உருவின பிளக் உன் கண்ணுக்கு முன்னால் மேஜைமேல் கிடக்க வேண்டும், சுவிட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதே. அடிமூடியைக் கழற்றியதும் முதலில் படம் எடு, எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பிறகு தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது. பெரிய காயிலின் இரண்டு லக்கையும் கழற்றிவிடு. ஒன்றை மட்டும் கழற்றினால் ரீடிங் பொய் சொல்லும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனைக்கும் நடுவே பார். 1900 வாட் காயில் 28 ஓம்ஸ் அளவில் காட்ட வேண்டும். 500 வாட் காயில் 106 அளவில். பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை. இது கம்பி அறுந்துபோகவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும்.

லீக்கேஜுக்கு முனையிலிருந்து பாடிக்குப் பார்க்க வேண்டும். இங்கே மல்டிமீட்டரை நம்பாதே. அதன் பேட்டரி சில வோல்ட்தான், அந்த அளவில் ஈரம் வாயே திறக்காது. 500 வோல்ட் மெக்கர் வேண்டும். வாங்கத் தேவையில்லை, வீட்டுக்கு வருகிற எலக்ட்ரீசியன் கையில் இருக்கும். 1 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் தேறும். உன்னுடையது சில ஆயிரம் ஓம்ஸில்தான் நிற்கும் என்பது என் கணிப்பு, 230 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் தப்ப 7,700 ஓம்ஸ் இருந்தாலே போதுமே. ஒன்றை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்: காயில் ஒயர்களைப் போர்டிலிருந்து முழுவதும் பிரித்த பிறகுதான் மெக்கர் வைக்க வேண்டும். போர்டோடு சேர்த்து 500 வோல்ட்டைக் கொடுத்தால் காயிலைக் காப்பாற்றப் போய் கன்ட்ரோலரைக் கொன்றுவிடுவீர்கள்.

காய வைப்பது உன்னால் முடியும். என் அடுப்பு மாதிரி ஓவனில் வைத்துவிடாதே, போர்டும் பிளாஸ்டிக்கும் உருகிப்போகும். அடிமூடியைத் திறந்தபடியே ரேடியேட்டர் பக்கத்தில், மெஷினைச் சாய்த்து, இரண்டு மூன்று நாள் விட்டுவிடு. இடையிடையே தலை காயவைக்கிற டிரையரால் காயில் முனைகளுக்குச் சூடான காற்று காட்டு. பிறகு மெக்கர் ஏறினால் முனையில் சிலிக்கான் சீல், லக்கை இறுக்கி மாட்டு, சமையலறை பாயிண்டில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொதிக்க விட்டுப் பார். மெக்கர் ஏறவில்லை என்றால் குழாயிலேயே வெடிப்பு இருக்கிறது. அது அடித் தட்டோடு சேர்த்து ஒட்டின காயில், தனியாகப் பிரிக்க முடியாது, கம்பெனியிடம் அடிப்பாகம் மொத்தமாகக் கேட்க வேண்டியதுதான்.

மற்றக் குறைகளும் சொன்னாய். சூடு ஏற ரொம்ப நேரமாகிறது என்றாய். 25 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 67-க்கு வர 2400 வாட்டில் சுமார் 35 நிமிஷம், ஆவியாகிற நஷ்டத்தையும் சேர்த்தால் முக்கால் மணி. 500 வாட் மட்டும் ஓடினால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், கொதி வரவே வராது. உனக்கு இரண்டரை மணி தாண்டியும் வரவில்லை என்றால் அந்தத் தடவை பெரிய காயில் ஓடவே இல்லை, தெர்மல் கட்-அவுட் விழுந்திருக்கிறது. மால்ட் மாவு அடியில் படிந்து கருகினால் தட்டு அளவுக்கு மீறிச் சூடாகும், கட்-அவுட் விழும். அடியில் சின்ன பட்டன் இருக்கும், ஆறின பிறகு அழுத்தினால் திரும்ப வரும். கருகலை வழித்து எடுக்காமல் பட்டனை மட்டும் அழுத்திக்கொண்டிருக்காதே. கட்-அவுட்டை ஷார்ட் பண்ணி ஓட்டலாம் என்றும் யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதே.

ஒயர் ரீல் வைத்திருக்கிறாயே, அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. படத்தில் அதன் பிளக் ஒரு பக்கம் பழுப்பு ஏறியிருக்கிறது, கவனித்தாயா? 10 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கிற லோடு அது. ரீலில் சுற்றியபடியே இருந்தால் சூடு வெளியே போக வழியில்லை. அந்த ரீல் மேலேயே இரண்டு வாட் கணக்கு எழுதியிருக்கும், சுற்றியிருந்தால் எவ்வளவு, முழுவதும் பிரித்தால் எவ்வளவு என்று. ரீலே வேண்டாம், சுவர் பாயிண்டில் நேராகப் போடு. ஓட ஆரம்பித்து அரை மணி கழித்து ஆஃப் செய்து, பிளக்கை உருவி, பின்னைத் தொட்டுப் பார். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் உள்ளே லூஸ் காண்டாக்ட்.

டைமர் வைத்து, காலையில் எழுந்தால் தண்ணீர் தயாராக இருக்கும்படி செய்யலாமா என்று கேட்டாய். வேண்டாம்ப்பா. போர்டில் ஹீட்டரை ஓட்டுகிற ட்ரையாக் பழுதானால் பெரும்பாலும் ஆன் ஆன நிலையிலேயே நின்றுவிடும். ஸ்கிரீன் 67 என்று காட்டும், காயில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் முழித்திருக்கும்போது மட்டும் ஓட்டு, வேலை முடிந்ததும் பிளக்கை உருவு.

இங்கே எக்சைஸ் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சினால் குற்றம், அதனால் இந்த மெஷின் எந்த நாளும் என் பட்டறைக்கு வரப்போவதில்லை. அங்கே உனக்குத் தடையில்லை, நீ ஆசையோடு செய்கிறாய், செய். மால்ட் வாசனை பற்றி நீ சொல்லும்போது எனக்கே முகர்ந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கரண்ட் விஷயத்தில் அக்கா சொல்கிறபடி கேள்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டதும் முதல் வேலை காவ் பாயிண்டை மாற்றுவது: எர்த் ஒயர் இழுத்து, 30 மில்லிஆம்பியர் டிஃபெரான்சியேலுக்குக் கீழே கொண்டுவரச் சொல். வெறும் பாயிண்டை மட்டும் புதிதாக மாட்டிவிட்டுப் போனால் குச்சி இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. எர்த் ரீடிங் எடுத்துக் காட்டச் சொல்லிக் கேள். அவர் வருகிறவரைக்கும் அந்த பாயிண்ட்மேல் ஒரு டேப்பை ஒட்டிவை, குழந்தை கீழே விளையாடப் போகிறது என்றாயே.

மெக்கர் ரீடிங்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, காய வைப்பதற்கு முன்னும் பின்னும். அம்மா வடகம் போட்டு வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வருகிறவர் யாராவது இருந்தால் சொல், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா